அங்காடியும் ஓர் அமானிதம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

ஒரு கஞ்சி அண்டாவைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் இமாமாகப் பணிபுரிந்த ஒரு மஹல்லாவில், ரமளானின் முதல் வாரத்தில், மூதாட்டி ஒருவர் தம் பேரனிடம் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். "ஹஜ்ரத், கஞ்சியில் மக்கல் வாடை வருதாம், பாட்டி சொல்லச் சொன்னாங்க" என்றான் அந்தச் சிறுவன். சமையற்காரரை அழைத்துக்கொண்டு சரக்கறைக்குச் சென்று பார்த்தேன். மூட்டையின் மேற்பகுதியில் நல்ல பச்சரிசி. கையை உள்ளே விட்டு அள்ளினால் வண்டு ஊர்ந்தது. விசாரித்தபோது, "பல வருடமாக ஒரே கடையில்தான் வாங்குகிறோம் ஹஜ்ரத், நம்ம ஆள்தான்" என்று பதில் வந்தது. அந்தக் கடைக்காரர் நிர்வாகிகளில் ஒருவருக்கு நெருங்கிய உறவினர் என்பது எல்லோரும் அறிந்ததே.

அந்த வாரம் ஜும்ஆவில் வியாபாரத்தில் நேர்மை என்ற தலைப்பில்தான் பேசினேன். தானியக் குவியல் ஹதீஸையும் விளக்கினேன். ஆனால், பத்தடி தூரத்தில் இருந்த மூட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த ரமளான் முழுவதும் மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்தின் பாரம்தான் பின்னாளில் நம் முன்னோர்களின் அங்காடி வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. அப்படிப் படித்தவற்றில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அளவும் நிறுவையும்

திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் 'அல்முதஃப்ஃபிஃபீன்'. தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை அது கடுமையாகக் கண்டிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த வேளையில் அவ்வூர் மக்கள் அளவையில் மிக மோசமானவர்களாக இருந்தார்கள் என்றும், இவ்வசனங்கள் இறங்கிய பின்னர் தங்கள் அளவையைத் திருத்திக்கொண்டார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மத்யன் நகரத்தாருக்கு அனுப்பப்பட்ட ஷுஐப் (அலை) அவர்களும் ஏகத்துவத்திற்கு அடுத்தபடியாக அளவையையும் நிறுவையையும் பற்றித்தான் தம் சமூகத்தாரிடம் பேசினார்கள். தராசைப் பற்றிய பேச்சு மார்க்கத்திற்கு அப்பாற்பட்ட உலக விவகாரம் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆயினும், உபதேசத்தால் மட்டும் ஓர் அங்காடி திருந்திவிடுமா? மனிதனின் உள்ளத்தில் இறையச்சம் வேண்டும். அத்துடன், இறையச்சம் குறைந்தவனும் ஏமாற்ற முடியாதபடி ஓர் ஏற்பாடும் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் இவ்விரண்டையும் செய்தார்கள்.

மதீனாவின் புதிய அங்காடி

கி.பி. 622-இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தபோது மதீனாவின் முக்கியச் சந்தையாக விளங்கியது பனூ கைனுகா கோத்திரத்தாரின் சந்தை. மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதை அன்போடு மறுத்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுமாறு மட்டுமே அப்துர் ரஹ்மான் (ரலி) கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாணிபத்தைத் தொடங்கினார்கள். அகதியாக வந்த ஒருவர் யாருடைய தயவுமின்றிச் சொந்தக் காலில் நிற்பதற்கு, அவருக்குத் திறந்திருக்கும் ஒரு சந்தை தேவை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

பின்னர் நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கென ஓர் அங்காடியை அமைக்க விரும்பினார்கள். முதலில் ஓரிடத்தில் கூடாரம் அடித்தபோது, கஅப் இப்னு அஷ்ரஃப் என்பவன் அதன் கயிறுகளை அறுத்தான் என்றும், அதன் பிறகே விசாலமான வேறோர் இடத்திற்கு அங்காடி மாற்றப்பட்டது என்றும் மதீனாவின் வரலாற்றை எழுதிய இப்னு ஷப்பா (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். பிற்காலத்தில் 'மனாகா' என்று அழைக்கப்பட்ட, மஸ்ஜிதுந் நபவியின் மேற்குப் பகுதியே அவ்விடம்.

அந்த அங்காடியின் அமைப்பைக் கவனியுங்கள். அது ஒரு திறந்த வெளி. கட்டடங்கள் இல்லை, நிரந்தரக் கடைகள் இல்லை. ஒட்டகத்தில் வந்தவர் தம் சேணத்தை ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டு அங்காடியைச் சுற்றி வந்தாலும், எங்கிருந்து பார்த்தாலும் அந்தச் சேணம் கண்ணுக்குத் தெரியுமாம்! அங்கே எவருடைய இடத்தையும் குறைக்கவும் கூடாது. வியாபாரிகள் மீது வரி விதிக்கவும் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முதலில் வந்தவர் தமக்குப் பிடித்த இடத்தில் அமர்வார். மாலையில் எழுந்து செல்வார். மறுநாள் அந்த இடம் வேறொருவருக்குரியது. பின்னாளில் கூஃபா நகரம் உருவானபோதும் இதே விதிதான். பள்ளிவாசலில் முந்தி வந்தவர் முன்வரிசையில் அமர்வதைப் போன்றதே அங்காடியின் சட்டமும் என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் மதிப்பை மதீனாவின் மக்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். உமையாக் கலீஃபா ஹிஷாம் இப்னு அப்துல் மலிக்கின் ஆட்சியில் அந்த அங்காடி வெளியில் பெரியதொரு கட்டடம் எழுப்பப்பட்டு, வியாபாரிகளிடம் வாடகை வசூலிக்கப்பட்டது. கி.பி. 743-இல் ஹிஷாம் மரணித்த செய்தி எட்டியதும், மதீனாவாசிகள் திரண்டு சென்று அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள்! அவருக்கு முன்பே உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், அங்காடி என்பது மக்களுக்கான தர்மம், அதில் எவரிடமும் வாடகை வாங்கக் கூடாது என்று கூறியிருந்ததாகவும் அறிவிக்கப்படுகிறது.

எவருக்கும் அடைபடாத வாசல்

அங்காடிக்கு இடம் ஒதுக்கியதோடு நபி (ஸல்) அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அதன் வாசலைச் சிலர் மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் வழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

கிராமத்திலிருந்து சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலை தெரியாத அவர்களிடம் மலிவாக வாங்கிக் குவிப்பதைத் தடை செய்தார்கள். கிராமவாசிக்காக நகரவாசி இடைத்தரகனாக நின்று விற்பதையும் தடுத்தார்கள். உணவுப் பொருளைப் பதுக்கி வைப்பவன் பாவி என்று எச்சரித்தார்கள். இம்மூன்று தடைகளின் நோக்கம் என்ன? எளிய உற்பத்தியாளன் நேரடியாக அங்காடிக்கு வரவேண்டும். வாங்குபவர் பலரிடமும் விசாரித்து வாங்க வேண்டும். இருவருக்கும் இடையில் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பதே.

பெண்களும் அந்த வாசலில் நுழைந்தார்கள். கைலா (ரலி) என்ற பெண்மணி தாம் பேரம் பேசி வாங்கி விற்கும் முறையை நபி (ஸல்) அவர்களிடம் கூறி, அது சரிதானா என்று கேட்டார்கள். ஒரு விலையை மனதில் வைத்துக்கொண்டு வேறொரு விலையிலிருந்து பேரத்தைத் தொடங்க வேண்டாம் என்று பெருமானார் அவர்களுக்கு வழிகாட்டினார்கள். வாணிபத்தை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

மாற்று மதத்தாருக்கும் அந்த வாசல் திறந்திருந்தது. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது, அவர்களின் கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். செல்வந்தர்களான ஸஹாபாக்கள் சூழ இருந்தும், ஒரு நாட்டின் தலைவர் வேற்று மதத்தவரிடம் சாதாரண வாடிக்கையாளராக நின்று, உரிய ஈடு வைத்துத் தானியம் வாங்கியிருக்கிறார்கள். நம்மவரா, அயலவரா என்று பாராமல், சரக்கையும் நாணயத்தையும் பார்த்து வாங்கும் பண்பு இது.

கையை உள்ளே விட்ட நபி

அங்காடிக்குள் வந்த சரக்கு நல்ல சரக்காக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் பெருமானார் (ஸல்) ஏற்றார்கள். ஒருநாள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறையுள்ள பொருளை, குறையைக் காட்டி, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். மறைப்பதுதான் குற்றம். மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது என்ற அந்த அடுக்கு முறைதான் குற்றம். இன்று தரக்கட்டுப்பாடு என்று பெரிய நிறுவனங்கள் பேசுவதன் உயிர்நாடி இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. பொறுப்பாளர் தாமே நேரில் செல்கிறார், மேலோட்டமாகப் பாராமல் அடிவரை சோதிக்கிறார், காரணத்தைக் கேட்கிறார், தீர்வைச் சொல்கிறார், அதன் பிறகே எச்சரிக்கிறார்.

மக்கா வெற்றிக்குப் பின் அவ்வூர் அங்காடியைக் கண்காணிக்க ஸயீத் இப்னு ஸயீத் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் நியமித்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், எழுதப் படிக்கத் தெரிந்த அறிவாளியான அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம் அங்காடி விவகாரங்களில் சில ஒப்படைக்கப்பட்டதாகவும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கலீஃபாவின் மகனுடைய ஒட்டகங்கள்

அங்காடியைக் கண்காணிப்பவரின் சொந்தக்காரரே அங்காடியில் வியாபாரம் செய்தால்? இங்குதான் பல நிறுவனங்கள் சறுக்கி விழுகின்றன. உமர் (ரலி) அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள்.

அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) மெலிந்த ஒட்டகங்கள் சிலவற்றை வாங்கி, பொது மேய்ச்சல் நிலத்தில் விட்டு, கொழுத்த பின் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அங்காடிக்கு வந்த உமர் (ரலி) அவர்கள், யாருடைய ஒட்டகங்கள் இவை என்று விசாரித்தார்கள். தம் மகனுடையவை என்று தெரிந்ததும் அவரை அழைத்தார்கள். எல்லா முஸ்லிம்களையும் போலத்தான் நானும் மேய்த்தேன் என்று மகன் விளக்கம் கூறினார். தந்தையோ, கலீஃபாவின் மகனுடைய ஒட்டகங்கள் என்பதற்காகவே மேய்ப்பர்கள் அவற்றுக்கு முன்னுரிமை அளித்துப் புல்லும் நீரும் காட்டியிருப்பார்கள் என்றார்கள். ஒட்டகங்களை விற்று, போட்ட முதலை மட்டும் எடுத்துக்கொண்டு, இலாபத்தைப் பைத்துல்மாலில் சேர்த்துவிடும்படி உத்தரவிட்டார்கள்.

அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் திருடினார்களா? இல்லை. இலஞ்சம் கொடுத்தார்களா? அதுவும் இல்லை. எவரிடமும் சலுகை கேட்கக்கூட இல்லை. ஆனால், கேளாமலேயே கிடைக்கும் சலுகை ஒன்று உண்டு. அதிகாரத்தில் இருப்பவரின் வீட்டார் என்ற ஒரே காரணத்தால் திறக்கும் கதவு அது. அந்தக் கதவைத்தான் உமர் (ரலி) அவர்கள் அடைத்தார்கள்.

கண்ணாடி முத்திரையும் நாற்பது அத்தியாயங்களும்

இஸ்லாமிய ஆட்சி விரிவடைந்து நகரங்கள் பெருகியபோது இந்தக் கண்காணிப்பு 'ஹிஸ்பா' என்ற பெயரில் ஒரு துறையாக வளர்ந்தது. அதன் அதிகாரி 'முஹ்தஸிப்'. பாக்தாதில் வாழ்ந்து கி.பி. 1058-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்), 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்ற நூலில், தாமாக நன்மையை ஏவுபவருக்கும் நியமிக்கப்பட்ட முஹ்தஸிபுக்கும் இடையே ஒன்பது வேறுபாடுகளை எடுத்துரைக்கிறார்கள். தனிமனிதர் விரும்பினால் இப்பணியைச் செய்யலாம். முஹ்தஸிபுக்கோ அது தட்டிக்கழிக்க முடியாத கடமை. அதற்காக அவர் பைத்துல்மாலிலிருந்து ஊதியம் பெறலாம். அதே சமயம், வெளிப்படையான குற்றங்களைத்தான் அவர் தடுக்க வேண்டும். வீடுகளுக்குள் துருவித் துருவி உளவு பார்க்கும் உரிமை அவருக்குக் கிடையாது.

அன்றைய ஏற்பாட்டின் சான்றுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. எகிப்தில் கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கண்ணாடியால் எடைக்கற்கள் வார்க்கப்பட்டன. அளவைப் பாத்திரங்களின் மீதும் கண்ணாடி முத்திரைகள் பதிக்கப்பட்டன. அவற்றில் ஆளுநர் அல்லது நிதி அதிகாரியின் பெயரும், எந்த அளவு என்பதும், முழுமையானது என்று பொருள்படும் 'வாஃபின்' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கண்ணாடி துருப்பிடிப்பதில்லை. யாரேனும் அராவிக் குறைத்தால் அந்தத் தழும்பு தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், அதில் பெயர் இருக்கிறது. இந்த எடைக்கு நான் பொறுப்பு என்று ஓர் அதிகாரி தம் பெயரைப் பதித்துக் கொடுத்திருக்கிறார்.

12-ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ (ரஹ்), முஹ்தஸிப்களின் பயன்பாட்டுக்காக நாற்பது அத்தியாயங்கள் கொண்ட கையேடு ஒன்றை இயற்றினார்கள். ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர், மருந்து தயாரிப்போர், குளியல் விடுதி நடத்துவோர் என ஒவ்வொரு தொழிலாக எடுத்துக்கொண்டு, அதில் என்னென்ன மோசடி நடக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்குகிறார்கள். சிலவற்றைப் பாருங்கள்:

ரொட்டிக்கு மாவு பிசைபவர் காலால் மிதித்துப் பிசையக் கூடாது. தும்மலோ எச்சிலோ மாவில் விழாதபடி வாயை மூடிக் கட்டியிருக்க வேண்டும். வியர்வை சொட்டாதிருக்க நெற்றியில் துணி கட்ட வேண்டும். பகல் வேளையில் ஈ ஓட்டுவதற்கு ஓர் ஆள் விசிறியோடு அருகில் நிற்க வேண்டும்.

எடைக்கற்கள் இரும்பால் ஆனவையாக இருக்க வேண்டும். கல்லால் ஆனவை ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து எடை குறைந்துவிடும். எண்ணெயும் அழுக்கும் உறைந்து எடையைக் கூட்டிவிடாமல் தராசுத் தட்டுகளை அடிக்கடி துடைக்க வேண்டும்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அறிய, ஒரு முடியை அதில் தோய்த்து எடுக்க வேண்டும். முடியில் பால் ஒட்டாமல் வந்தால் கலப்படம். கண் மருத்துவரோ, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றி எழுதிய பத்துக் கட்டுரைகளில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

எல்லாத் தொழில்களின் நுணுக்கமும் ஒரே அதிகாரிக்குத் தெரிந்திருக்க முடியாது அல்லவா? அதனால் ஒவ்வொரு தொழிலிலிருந்தும் நம்பிக்கைக்குரிய, அந்தத் தொழிலின் தந்திரங்களை அறிந்த ஒருவரை 'அரீஃப்' என்ற பெயரில் உதவியாளராக நியமிக்குமாறு அஷ்ஷைஸரீ (ரஹ்) கூறுகிறார்கள். பிற்காலத்தில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத், கி.பி. 1502-இல் புர்ஸா நகரத்து அங்காடிக்கென விரிவான தரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். துருக்கியின் முதல் தரநிர்ணயச் சட்டம் என்று இன்றும் அது பெருமையோடு குறிப்பிடப்படுகிறது.

இவ்வளவையும் சொன்ன அஷ்ஷைஸரீ (ரஹ்) அவர்கள் வேறொரு நிபந்தனையை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டார்கள். முஹ்தஸிப் வியாபாரிகளிடம் அன்பளிப்புப் பெறக் கூடாது. அவருடைய பணியாளர்களும் பெறக் கூடாது. பெற்றதாகத் தெரிந்தால் அந்தப் பணியாளரை உடனே நீக்கிவிட வேண்டும்.

அவர்கள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி சுவையானது. திமிஷ்கை ஆண்ட துக்தகீன், ஓர் அறிஞரை அழைத்து முஹ்தஸிபாக நியமித்தார். நியமனம் பெற்ற மறுகணமே அந்த அறிஞர், தாங்கள் அமர்ந்திருக்கும் விரிப்பும் சாய்ந்திருக்கும் திண்டும் பட்டு. விரலில் இருப்பது தங்க மோதிரம். இவை ஆண்களுக்கு ஹராம். எழுந்திருங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள் என்றார்! ஆட்சியாளர் எழுந்தார், விரிப்பை அகற்றச் செய்தார், மோதிரத்தையும் கழற்றினார். கோபப்படவில்லை. காவல் துறையின் பொறுப்பையும் சேர்த்து அவரிடம் ஒப்படைத்தார். தன்னையே தட்டிக் கேட்கும் துணிவுள்ளவர்தான் அந்தப் பதவிக்கு உரியவர் என்பதை அவர் புரிந்திருந்தார்.

பதவி விலைக்குப் போனபோது

இத்தகைய ஏற்பாடு ஏன் சிதைந்தது? இதற்கான விடையை ஒரு முஹ்தஸிபே எழுதி வைத்திருக்கிறார். வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (ரஹ்) கி.பி. 1399-இல் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமிக்கப்பட்டார்கள். அதே ஆண்டிலேயே அப்பதவி அவர்களிடமிருந்து, ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய பத்ருத்தீன் ஐனீ (ரஹ்) அவர்களுக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னர் எகிப்தைப் பெரும் பஞ்சமும் விலையேற்றமும் தாக்கின. 1405-இல் அல்மக்ரீஸீ (ரஹ்) அதைப் பற்றித் தனி நூல் எழுதினார்கள்.

அந்தத் துயரத்திற்கு அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று: ஆட்சிப் பதவிகளும் மார்க்கப் பதவிகளும் இலஞ்சத்திற்கு விற்கப்பட்டது, நிலக் குத்தகை ஏறியது, செப்புக் காசுகள் பெருகி நாணயத்தின் மதிப்புக் கெட்டது. இவற்றில் முதற்காரணமாக அவர்கள் வைத்தது பதவி விற்பனையைத்தான். கடன் வாங்கிப் பணம் கொடுத்துப் பதவிக்கு வந்தவன், அந்தக் கடனை எங்கிருந்து அடைப்பான்? தன் கீழ் உள்ள மக்களிடமிருந்துதான். முஹ்தஸிபின் நாற்காலியும் விலைக்குப் போனபோது, கலப்படம் செய்பவனைப் பிடிக்க வேண்டிய கை, அவனிடமே நீண்டது. கையேடுகள் அப்படியே இருந்தன, முத்திரைகளும் இருந்தன, மக்களுக்கு இருந்த நம்பிக்கைதான் போய்விட்டது.

அடுத்து மற்றொரு வாசலும் அடைபட்டது. 1422 முதல் 1438 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பர்ஸ்பாய், சர்க்கரை வாணிபத்தையும், பின்னர் மலபாரிலிருந்து செங்கடல் வழியாகச் சென்ற மிளகு வாணிபத்தையும் அரசின் தனியுரிமையாக்கினார். தலைமுறை தலைமுறையாக அந்த வாணிபத்தை நடத்தி வந்த 'காரிமி' என்ற வணிகர் சமூகம் நலிந்து, அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் வரலாற்றிலிருந்தே மறைந்துபோனது. ஆட்சியாளரே வியாபாரத்தில் இறங்கினால் குடிகளும் கெடுவர், அரசின் வருவாயும் கெடும் என்று இப்னு கல்தூன் (ரஹ்) முகத்திமாவில் எழுதி அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. அந்த அறிஞர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1406-இல் மறைந்ததும் அதே கெய்ரோவில்தான்!

நமக்குள்ள பாடம்

அன்பர்களே! இந்த வரலாற்றிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? நேர்மை, தரம், பலருக்கும் திறந்த வாசல் ஆகிய மூன்றும் ஒரே அடுப்பின் மூன்று கற்கள். ஒன்றை உருவினால் பானை கவிழ்ந்துவிடும். ஒருவரிடம் மட்டுமே வாங்குவோம் என்று வாசலை அடைத்துவிட்டால், அவருக்குத் தரத்தைப் பேண வேண்டிய அவசியம் குறைகிறது. தரம் குறைந்ததைக் கேட்க வேண்டியவர் அவருடைய உறவினராகவோ, அன்பளிப்புப் பெற்றவராகவோ இருந்தால் நேர்மையும் போய்விடுகிறது.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டமும், எடை அளவுகளுக்கு 2009-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. தராசுக்கு முத்திரை வைக்க அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவற்றை மதித்து நடப்பது நம் கடமை. ஆனால், நம் பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், பள்ளிக்கூடங்கள், திருமண மண்டபங்கள், நம்மவர் நடத்தும் நிறுவனங்கள் ஆகியவற்றில் கொள்முதல் எப்படி நடக்கிறது என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜமாஅத்தின் பணத்தில் வாங்கும் பொருளுக்கு எத்தனை பேரிடம் விலை கேட்கிறோம்? புதிதாகக் கடை வைத்த இளைஞருக்கும், வீட்டிலிருந்தே தொழில் செய்யும் விதவைத் தாய்க்கும், பக்கத்துத் தெருவின் மாற்று மதச் சகோதரருக்கும் அந்த வாசல் தெரியுமா? விற்பவர் நிர்வாகியின் உறவினர் என்றால், முடிவெடுக்கும்போது அந்த நிர்வாகி எழுந்து வெளியே சென்றாரா? வந்த சரக்கில் கையை உள்ளே விட்டுப் பார்த்தவர் யார்? அவர் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

தொடக்கத்தில் சொன்ன மூட்டையின் கதையை முடித்துவிடுகிறேன். அந்த ரமளான் முடிந்த பிறகு முத்தவல்லியைத் தனியே சந்தித்து, நான் கண்டதையும், கண்டும் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மறு ஆண்டு ஷஅபான் மாதத்திலேயே மூன்று கடைகளிலிருந்து மாதிரி அரிசி வரவழைக்கப்பட்டது. விலைகள் எழுதி வாங்கப்பட்டன. மூன்றையும் தனித்தனியே கஞ்சி காய்ச்சிப் பார்த்தோம். அம்மூன்றில் ஒன்று, பின் தெருவில் ஒரு பெண்மணி நடத்தி வந்த சிறிய கடை. அத்தனை ஆண்டுகளில் பள்ளிவாசலிலிருந்து அவரிடம் எவரும் விலை கேட்டதே இல்லையாம். அந்த ஆண்டு முதல் பாதி மாதத்தின் அரிசி அவரிடமிருந்து வந்தது. பழைய கடைக்காரரும் மாதிரி கொண்டுவந்திருந்தார். பின்பாதி அவருக்குக் கிடைத்தது. அவருடைய மூட்டையில் அடிவரை கையை விட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு அதில் வண்டு இல்லை.

அங்காடியை அமானிதமாகக் கருதி வாழ்ந்த நம் முன்னோர்களின் வழியில் நம்மையும் வல்ல அல்லாஹ் நடத்துவானாக! நம் தராசுகளையும் நம் நாவுகளையும் நேராக்குவானாக! பேச வேண்டிய இடத்தில் பேசும் துணிவை நம் அனைவருக்கும், குறிப்பாக மிம்பரில் நிற்போருக்கு, தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.